ஆறடியில் திரும்பும் வெளிச்சம்

"இன்னைக்குத் தேதியைப் போட்டு எழுதிக்கிட்டீங்கல்ல மேடம்?"

வந்தவர் இதைக் கேட்பது மூன்றாவது முறை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்மணி பேனாவை மூடாமலே தலையாட்டினார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர் அவர். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டார்கள். காதை மூட முடியவில்லை. அதை வைத்துத்தான் இந்தத் துப்பறியும் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் என்றால்தான் இப்போதும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவியாளன். முப்பத்தாறு வயது, முன்வழுக்கை, ஓயாத வாய். அவனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மணி நாலு. வெளியே மேகம் கறுத்துக் கிடந்தது. அறைக்குள் டியூப்லைட் எரிந்தும் இருட்டாகவே இருந்தது.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க," என்றார் ஆபரேட்டர்.

"நான் கண்ணாடிப் பட்டறை வச்சிருக்கேன் மேடம். ஜன்னல், அலமாரி, கடை முகப்புன்னு அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்கிறது." வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள். குரல் மட்டும் பஞ்சு மாதிரி இருந்தது. "எனக்கு ஒன்பது வயசுல அப்பா அம்மா போயிட்டாங்க. அக்காதான் வளர்த்தாங்க. ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். அவங்க மாடியில, நான் கீழே. வேற யாரும் இல்ல. இந்த ஒரு மாசமா எங்க பகுதியில ஏழு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் கரன்ட் கட். அந்த ஒரு மணி நேரத்துலதான் யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க."

"யாரோன்னா?"

"கீழே காலடிச் சத்தம். பாத்திரம் உருளுது. ரெண்டு தடவை பின்கதவு திறந்து கிடந்துச்சு. நான் எட்டு மணி வரைக்கும் பட்டறையில இருப்பேன். அக்கா தனியா இருப்பாங்க."

"அவங்க கதவைச் சாத்திக்க வேண்டியதுதானே?" என்றான் ரேடியோ.

"அதாங்க என் பயமே. சத்தம் கேட்டா ஒளியிற ஆள் இல்ல எங்க அக்கா. சத்தம் எங்கேயோ அங்கே ஓடுவாங்க." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழமை அவங்களுக்குப் பதிவுத் திருமணம் வேற. ஐம்பத்திரண்டு வயசுல. வாட்ச் ரிப்பேர் பண்றவர், மனைவி இறந்தவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பூனை மாதிரி வருவார், பூனை மாதிரி போவார். நான் அவரைக் குறை சொல்லல. ஆனா அவர் பழக்கமான பிறகுதான் இந்தச் சத்தமெல்லாம்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். பத்துப் பன்னிரண்டு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'காலடி', 'பாத்திரம்', 'பின்கதவு' என்று குறிப்பு.

"மூணு வாரமா, அன்னன்னைக்குக் கையோட எழுதி வச்சது மேடம்."

"நல்ல காரியம் பண்ணீங்க. அப்போ நாங்க இன்னைக்கு ஏழு மணிக்கே வந்து பார்த்துடறோம்."

"இன்னைக்கு வேண்டாம்," என்றார் அவர், சட்டென்று. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "படிக்கட்டுல கொஞ்சம் வேலை நடக்குது. நாளைக்கு வாங்களேன். இன்னைக்கு நான் வந்து சொன்னது மட்டும் உங்க நோட்டுல இருக்கட்டும்," என்றார்.

அவர் இறங்கிப் போகிற சத்தம் முழுசாக அடங்கும்வரை ஆபரேட்டர் காது கொடுத்துக் கேட்டார். ரேடியோவால் அவ்வளவு நேரம் தாங்க முடியவில்லை.

"கேஸ் முடிஞ்சுது மேடம். மாப்பிள்ளைதான். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுல பாத்திரம் உருட்ட வேண்டியிருக்கும்னு இப்பவே பழகிக்கிறார்."

"இதைப் பாரு." ஆபரேட்டர் காகிதத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் ஏதோ அச்சாகியிருந்தது. ஒரு டார்ச்சின் படம். பேட்டரியை எப்படிப் போட வேண்டும், பட்டனை எப்படி அழுத்த வேண்டும், நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. மூலையில் ஒரு கடையின் ரப்பர் முத்திரை.

"டார்ச் வாங்கினேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார்.

"மறந்திருப்பார்."

"திருட்டுப் பயத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினவர், வாங்கின டார்ச்சை மட்டும் மறந்தாரா? வண்டியை எடு."

*

டார்ச் கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. வாசல் குறுகல், உள்ளே நீளம். கடைக்காரருக்கு ஆபரேட்டர் காட்டிய காகிதத்தைவிட, கடைக்கு இரண்டு பேர் வந்ததில்தான் சந்தோஷம்.

"வீட்டுப் பாதுகாப்புக்கா? உள்ளே வாங்க. டார்ச்சைக் கையில பிடிச்சுப் பார்த்து வாங்கக்கூடாது. இருட்டுல நின்னு பார்த்து வாங்கணும்."

பின்னால் ஜன்னலில்லாத அறை ஒன்று. கதவைச் சாத்தினார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ரேடியோ யார் காலையோ மிதித்தான். அது அவனுடைய காலாகவே இருந்தது.

"வர்றவங்க எல்லாரும் ஒரே தப்புதான் பண்றாங்க," என்றது கடைக்காரரின் குரல். "இருக்கறதுலயே பெரிய வெளிச்சம் கொடுங்கறாங்க. வீடு என்ன மைதானமா? நாலடியில சுவர், எட்டடியில சுவர். இப்போ பாருங்க."

அறை வெடித்தது போலிருந்தது. எதிரே இருந்த வெள்ளைச் சுவரிலிருந்து வெளிச்சம் அறைந்து திரும்பியது. ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அணைந்த பிறகும் கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மிதந்தது. அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை.

"சார், நான் செத்துட்டேனா?" என்றான் ரேடியோ.

"பெயின்ட் அடிச்ச சுவருக்கே இந்தக் கதி. திருடன் இப்போ உங்க பக்கத்துல வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு நடுத்தரமான வெளிச்சம் போதும். அதுவும் ஒரே கோடா போகக்கூடாது, விரிஞ்சு விழணும். பட்டன் ஒண்ணே ஒண்ணு இருக்கணும். பயத்துல கட்டைவிரல் தேடிக்கிட்டு இருக்கக்கூடாது. வியர்த்த கையில வழுக்கக்கூடாது, கீழே வச்சா உருண்டு ஓடக்கூடாது. இதுதான் நல்ல டார்ச்."

இன்னொன்றைப் போட்டுக் காட்டினார். அறை மெல்ல விடிந்த மாதிரி முழுசாகத் தெரிந்தது. ஒரு மூலையில் துடைப்பம்கூடத் தெரிந்தது.

ஆபரேட்டர் காகிதத்தை நீட்டினார். "இந்தக் காகிதம் எந்த டார்ச்சோடது?"

"முதல்ல காட்டினேனே, அந்தப் பேய். முந்தாநாள் ஒண்ணு போச்சு. வந்து மூணு மாசமாகியும் வித்தது அது ஒண்ணுதான்."

"வாங்கினவரை ஞாபகம் இருக்கா?"

"நான் இல்லையே. என் வீட்டுக்காரி இருந்தா. இன்னைக்கு அவ தங்கச்சி வீட்டுக்குப் போற பஸ்ல இருக்கா, போன் அடிச்சாலும் கேக்காது. அன்னைக்கு ராத்திரி முழுக்க இதையேதான் புலம்பினா. 'கண்ணாடி போடுறவர் ஒருத்தர் வந்து உயிரை வாங்கிட்டார்'னு."

ரேடியோ ஆபரேட்டரை இடித்தான்.

"என்ன கேட்டாராம்?" என்றார் ஆபரேட்டர்.

"அதாங்க வேடிக்கை. எல்லாரும் எவ்வளவு தூரம் போகும்னு கேப்பாங்க. இவர் ஆறடிக்குள்ள எப்படி இருக்கும்னு கேட்டிருக்கார். பத்து நிமிஷம் இருட்டுல இருந்த கண்ணுல பட்டா, எத்தனை விநாடிக்குப் பார்வை தெரியாதுன்னு கேட்டிருக்கார். இவளும் நல்ல மனசோட, 'வீட்டுக்குன்னா இது வேண்டாங்க, விரிஞ்சு விழறதை எடுத்துக்குங்க'ன்னு சொல்லியிருக்கா. அவர் கேக்கல. 'ஒரே கோடாதான் போகணும், போய் அப்படியே திரும்பணும்'னு சொன்னாராம். இந்தக் காகிதத்தைத் தனியா வாங்கி வச்சுக்கிட்டு, டார்ச்சை மட்டும் பரிசுப் பொட்டலமா கட்டித் தரச் சொல்லி எடுத்துட்டுப் போனாராம்."

கடையை விட்டு வெளியே வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது.

"சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கார், கண்ணைப் பத்திக் கேக்கிறார். இதுக்கு மேல என்ன வேணும் மேடம்? வாட்ச்காரர் தன் நெத்தியிலயே எழுதி ஒட்டிக்கிட்டிருக்கார்."

ஆபரேட்டர் 'போய் அப்படியே திரும்பணும்' என்பதை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

*

வாட்ச் கடை என்பது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டி. நாற்பது கடிகாரங்கள் நாற்பது விதமாக மணி காட்டின. நடுவில், தடித்த மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஒல்லியான மனிதர் ஒருவர் குனிந்திருந்தார்.

"கண்ணாடி மேல கண்ணாடி," என்று முணுமுணுத்தான் ரேடியோ. "நம்ம ஆள் இவரேதான்."

ஆபரேட்டர் நேராகவே கேட்டார். "டீச்சருக்கு நீங்க டார்ச் வாங்கிக் கொடுத்தீங்களா?"

வாட்ச்காரர் எழுந்துவிட்டார். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதை எப்படிச் சொல்றது? முந்தாநாள் வாசல்ல பேர் எழுதாத ஒரு பொட்டலம் கிடந்துச்சாம். உள்ளே டார்ச். நான்தான் வெட்கப்பட்டு வச்சுட்டுப் போயிட்டேன்னு அவங்க நினைச்சுட்டாங்க. போன் பண்ணி, 'என்மேல இவ்வளவு அக்கறையா'ன்னு கேட்டாங்க. எனக்கு… இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க."

"அப்போ நீங்க வாங்கல?"

"எனக்கு அது தோணவே இல்லையேன்னு ரெண்டு நாளா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன்."

ரேடியோ பூதக்கண்ணாடியைப் பார்த்தான், ஆபரேட்டரைப் பார்த்தான். அவன் கட்டி வைத்திருந்த கேஸ் மெல்லச் சரிந்தது.

"டீச்சரோட தம்பிக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம்தானா?"

"முதல்ல ஒரு மாசம் அக்காகிட்ட முகம் கொடுத்தே பேசல. இப்போ எல்லாம் சரியாயிடுச்சுங்க." வாட்ச்காரர் சிரித்தார். "இன்னைக்குக் காலையிலதான் அவங்க போன்ல சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாங்க. கல்யாணப் பரிசா தம்பி ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு செஞ்சு கொண்டு வந்து, படி திரும்புற இடத்துல சுவர்ல போட்டிருக்காராம். 'இறங்கும்போது என்னையே நான் பார்க்கலாம்'னு அவ்வளவு சந்தோஷம். படிக் கைப்பிடியைக்கூடப் பாலிஷ் போடக் கழட்டிக் கொண்டு போயிட்டாராம்."

ஆபரேட்டரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"அந்தப் படி எப்படி இருக்கும்? சரியா சொல்லுங்க."

"மாடியிலேர்ந்து மூணு படி இறங்கினா ஒரு சின்னத் திருப்பம். எதிரே சுவர். அங்கேருந்து பக்கவாட்டுல பதினாலு படி, ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். பழைய வீடுங்க."

"மேல் படியில நின்னா எதிர்ச் சுவர் எவ்வளவு தூரம்?"

"ஒரு… ஆறடி இருக்கும்."

அவர் முடிப்பதற்குள் ஆபரேட்டர் தெருவில் இறங்கியிருந்தார். "நீங்களும் ஏறுங்க. டீச்சருக்கு போன் போட்டுக்கிட்டே வாங்க. இப்போ மணி என்ன?"

வாட்ச்காரர் நாற்பது கடிகாரங்களையும் விட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "ஆறு முப்பத்தொண்ணு." பெட்டியைச் சாத்தாமலே, பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே ஓடி வந்து ஏறினார்.

*

மழையில் சாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்கிற பழைய கார். ரேடியோ சந்து சந்தாகத் திருப்பினான். பின்சீட்டில் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கல," என்றார் வாட்ச்காரர். "இந்த நேரத்துல மேல் தளத்துக் கொட்டகையில கயிறு தாண்டிக்கிட்டு இருப்பாங்க. தினமும் முந்நூறு தடவை. போன் சைலன்ட்டுல கட்டில் மேல கிடக்கும்."

"ரேடியோ, கண்ணாடி போடுறவர்னா யாரு?"

"கண்ணாடி போட்டிருக்கிறவர் மேடம். மூக்குல."

"சுவர்ல போட்டா?"

ரேடியோவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"கடைக்கார அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாமதான் மூக்கோட நின்னுட்டோம். வாங்கினவர் தன் தொழில் என்னன்னு அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கார். நம்மகிட்டயும் அதையேதான் சொன்னார்."

"தம்பியா?" பின்சீட்டிலிருந்து வந்த குரலில் நம்பிக்கை இல்லை. "அவர் அக்கான்னா உயிரையே விடுவாருங்க."

"இந்தக் காகிதத்துல மூணு வாரத்துத் தேதி இருக்கு. அன்னன்னைக்கு எழுதினதாச் சொன்னார். ஆனா காகிதம் டார்ச் டப்பாவுக்குள்ளேருந்து வெளியே வந்ததே முந்தாநாள்தான். எல்லாத் தேதியையும் ஒரே மூச்சுல உட்கார்ந்து எழுதியிருக்கார். திருடன்னு ஒருத்தன் கிடையவே கிடையாது. இருட்டுல பாத்திரம் உருண்டா அக்கா இறங்கி ஓடி வருவாங்கன்னு அவருக்குத் தெரியும். மூணு வாரமா அதைத்தான் பழக்கியிருக்கார்."

வாட்ச்காரர் டீச்சரின் எண்ணை மறுபடி அழுத்தினார்.

"மேல் படியில நின்னு அந்த டார்ச்சை அழுத்தினா, ஆறடியில ஆளுயரக் கண்ணாடி," என்றார் ஆபரேட்டர். "அவ்வளவு வெளிச்சமும் அவங்க கண்ணுக்கே திரும்பும். ஓடுற வேகத்துல மூணு படி தாண்டிடுவாங்க. அப்புறம் பதினாலு படி. பிடிச்சுக்கக் கைப்பிடி கிடையாது."

"அதனாலதான் நாளைக்கு வாங்கன்னாரா?" ரேடியோவின் குரலில் விளையாட்டு இல்லை.

"நாளைக்கு நாம துக்கம் விசாரிக்கத்தான் போயிருப்போம். திருடன் நடமாட்டம்னு என் நோட்டுல என் கையெழுத்துல தேதியோட இருக்கும். போலீஸ் கேட்டா, அது விபத்துதான்னு நானே சாட்சி சொல்லியிருப்பேன்."

ரேடியோ ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

*

வீட்டு வாசலில் கார் நின்றதும் வாட்ச்காரர் மணிக்கட்டைத் திருப்பினார். அந்த விநாடியே தெரு முழுக்க அணைந்தது.

மழை நின்றிருந்தது. இருட்டுக்குள் வீடு இன்னும் கறுப்பான ஒரு கட்டியாக நின்றது. வாட்ச்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார். ஆபரேட்டர் அந்த வாயைப் பொத்தினார்.

"கத்தாதீங்க! உங்க குரல் கேட்டா ஓடி வருவாங்க. எந்த வழியா வருவாங்க?"

இருந்தது ஒரே வழிதான்.

ஐந்து நிமிஷம் கழிந்தது. ரேடியோ சத்தமில்லாமல் பின்பக்கம் போய் வந்து, பின்கதவு திறந்திருப்பதாகக் காதோடு சொன்னான். உள்ளே போய் இருட்டில் எதிலாவது இடறினால், அந்தச் சத்தத்துக்கே டீச்சர் இறங்கி ஓடி வருவார் என்று ஆபரேட்டர் அவனைப் பிடித்து நிறுத்தினார். மாடியில் ஏதோ நாற்காலி நகர்ந்தது. போனை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

பிறகு கீழே, வீட்டுக்குள், இரும்புத் தட்டு ஒன்று விழுந்து நீளமாக உருண்டது.

மாடியில் வெறும் பாதங்கள் ஓடின. தெருவைவிட்டு விலகி, வீட்டின் பின்புறம் நோக்கி. படியை நோக்கி.

"ரேடியோ! மாடி முன்ஜன்னல். உடை!"

"மேடம், அது அடுத்தவங்க வீட்டு—"

"எறிடா!"

முதல் செங்கல் துண்டு சுவரில் பட்டுச் சிதறியது. இரண்டாவது கண்ணாடிக்குள் போனது. சில்லுகள் கொட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

பாதங்கள் நின்றன. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பி, முன்பக்கமாக, அதே வேகத்தில் ஓடி வந்தன.

"எவன்டா அது?"

வெளிச்சம் அவர்கள் மூன்று பேர் முகத்திலும் விழுந்தது. தெரு மறைந்தது, வீடு மறைந்தது. ஆபரேட்டர் காரைப் பிடித்துக்கொள்ளத் தேடினார்; கார் எங்கே என்று தெரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து, அண்ணாந்து நின்றவர்களுக்கே அப்படி இருந்தது.

"நான்தான்… நான்தாங்க…" என்றார் வாட்ச்காரர் கையை ஆட்டிக்கொண்டு.

"நீங்களா? கல்லா எறியறீங்க? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையா உங்களால?"

"டீச்சர்!" ஆபரேட்டர் கத்தினார். "டார்ச்சை அணைச்சுக் கட்டில்ல போடுங்க. போட்டுட்டு அங்கேயே நில்லுங்க. படிக்கட்டுப் பக்கம் போகவே போகாதீங்க. கீழே இருக்கிறது திருடன் இல்ல."

வெளிச்சம் அணைந்தது.

"வேற யாரு?" என்றது மாடி.

மூன்று பேரும் பின்பக்கம் ஓடினார்கள்.

பின்கதவு வழியாக உள்ளே போனார்கள். ரேடியோவின் போன் வெளிச்சத்தில் சமையலறை, அதைத் தாண்டி ஒரு சின்னக் கூடம், கூடத்தின் கோடியில் படிக்கட்டு. படியின் அடியில் தம்பிக்காரர் நின்றிருந்தார். படிக்கு முதுகைக் காட்டி, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி.

"எட்டு மணி வரைக்கும் பட்டறையில இருப்பீங்கன்னு சொன்னீங்களே," என்றார் ஆபரேட்டர்.

அவர் திரும்பவில்லை. "சத்தம் கேட்டு வந்தேன்."

"சத்தம் கேட்டு வந்தவர் ஏன் சுவரைப் பார்த்து நிக்கறீங்க?"

"வெளிச்சம் கண்ணுல…" என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். மாடியில் வெளிச்சம் எரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. சொல்லியும் கேட்காமல் டீச்சர் இறங்கி வந்துகொண்டிருந்தார். விளக்கில்லாமல், ஒரு கையால் சுவரைத் தடவியபடி. கடைசிப் படியில் நின்றார். உயரமான பெண்மணி, தோளில் இன்னும் துண்டு.

"நீதானா தினமும்?" என்றார்.

தம்பி ஆமென்று தலையை ஆட்டினார்.

ஆபரேட்டர் கண்ணாடியையும் டார்ச்சையும் கழற்றிய கைப்பிடியையும் பற்றி நாலே வரியில் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, டீச்சர் தம்பியிடம் மட்டும் கேட்டார்.

"என்னைச் சாகடிக்கவா?"

"ஐயோ, இல்லக்கா!" அவர் இப்போதுதான் திரும்பினார். முகத்தில் உண்மையான பதற்றம். "சத்தியமா இல்லக்கா. கால் ஒடிஞ்சா போதும்னுதான் நினைச்சேன். இல்லன்னா இடுப்பு. வெள்ளிக்கிழமை தள்ளிப் போகும். நீ படுக்கையில இருந்தா அவர் எத்தனை நாள் வருவார்? ஒரு மாசம் வருவார், ரெண்டு மாசம் வருவார். அப்புறம் நின்னுடுவார். நான் நிக்க மாட்டேன்க்கா. நான் பாத்துப்பேன். நீ என்னைப் பாத்துக்கிட்டல்ல, அதே மாதிரி. எல்லாம் தயாரா வச்சிருக்கேன்க்கா. வேணும்னா பாரு."

அவர் கை கூடத்தின் மூலையில் இருந்த கதவைக் காட்டியது.

"அது அவன் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கிற ரூம்," என்றார் டீச்சர். "மூணு வாரமாப் பூட்டியே இருக்கு."

தம்பி சாவியைத் தானே எடுத்துக் கொடுத்தார். ஆபரேட்டர் திறந்தார். ரேடியோ போனை உயர்த்திப் பிடித்தான்.

உள்ளே சட்டங்கள் இல்லை. ஒற்றைக் கட்டில். புதுப் போர்வை, மடிப்புக் கலையாமல். கட்டிலின் இரண்டு பக்கமும் விழாமலிருக்கக் கம்பித் தடுப்பு. கீழே படுக்கையிலேயே மலம் கழிக்கிற பாத்திரம். சின்ன மேஜையில் ஸ்பூன், கிண்ணம், சீப்பு. தலைமாட்டில், கைக்கு எட்டுகிற தூரத்தில், கூப்பிடுவதற்கு ஒரு வெண்கல மணி. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பலகை அடித்திருந்தது.

ரேடியோ வெளிச்சத்தைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கிக்கொண்டான்.

டீச்சர் வாசற்படியிலேயே நின்று அந்த அறையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்காக்கா?" என்றார் தம்பி.

*

போலீஸ் வருவதற்குள் மணி எட்டாகி, கரன்ட்டும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கூடத்தில் நின்றுகொண்டே எழுதினார். தம்பியை வண்டியில் ஏற்றும்போது அவர் முரண்டு பிடிக்கவில்லை. ஏறுவதற்கு முன் திரும்பி, "நான் பொய் சொல்லலக்கா. நிஜமாவே நல்லாப் பாத்துக்கிட்டிருப்பேன்," என்றார்.

"தெரியும்," என்றார் டீச்சர். "அதையும் எழுதிக்கோங்க சார்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

வண்டி போன பிறகு, அன்று அந்த வீட்டில் தங்க முடியாது என்று டீச்சரே சொன்னார். வாட்ச்காரரின் அக்கா வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. மாற்றுத் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். கீழே மூன்று பேரும் காத்திருந்தார்கள். பை மூடுகிற சத்தம் கேட்டது. விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு வெகு நேரம் எதுவும் கேட்கவில்லை.

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார்.

படிக்கட்டு விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிந்தது. டீச்சர் பையை மடியில் அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, ஒரு காலைத் தடவி அடுத்த படியைத் தேடி, அது இருப்பது உறுதியான பிறகு உடம்பை இறக்கி, ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தார். ரேடியோ கை கொடுக்க ஓர் அடி எடுத்து வைத்தான். ஆபரேட்டர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

வாட்ச்காரர் போய், கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் பதினோரு படி இருந்தது. அவர் அவசரப்படவில்லை.